ஒரே ஓட்டில் வந்த கவர்னர்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தேர்தல் நெருங்கும்போதெல்லாம் கைபேசியில் ஒரு பட்டியல் சுற்றி வரும். 'ஒரு ஓட்டின் மகிமை' என்று தலைப்பு இருக்கும். ஒரே ஓட்டு வித்தியாசத்தில்தான் அமெரிக்காவின் மொழி ஜெர்மன் ஆகாமல் ஆங்கிலம் ஆயிற்றாம். ஒரே ஓட்டில்தான் ஹிட்லர் நாஜிக் கட்சிக்குத் தலைவரானாராம். இரண்டும் கட்டுக்கதை. அமெரிக்காவில் அப்படி ஒரு மொழி ஓட்டெடுப்பு நடக்கவே இல்லை. 1921இல் ஹிட்லருக்குக் கட்சித் தலைமை கிடைத்தபோது, அவருக்கு எதிராக விழுந்ததுதான் ஒரே ஓட்டு! கதை எப்படித் தலைகீழாகிறது பாருங்கள்.

அதே பட்டியலில் இன்னொரு வரியும் இருக்கும். 1839இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கவர்னராக மார்கஸ் மார்டன் என்பவர் ஒரே ஓட்டில் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது அது. இது கட்டுக்கதை இல்லை. ஆனால் நாம் புரிந்துகொள்கிற அர்த்தத்தில் உண்மையும் இல்லை. இந்த நடுவாந்தர இடம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

மாசசூசெட்ஸ் என்றால் நமக்கு என்ன தெரியும்? சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, பழைய ஐஸ் ஹவுஸ், அதைக் கட்டியவர் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரடெரிக் டியூடர். மாசசூசெட்ஸ் குளங்களில் குளிர்காலத்தில் பாளம் பாளமாக வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் புதைத்து, பாதி உலகம் சுற்றிக் கப்பலில் கொண்டுவந்து இங்கே இறக்கினார்கள். அந்தக் கட்டடம் எழுந்தது 1842 வாக்கில். நான் சொல்லப்போகிற தேர்தல் அதற்கு மூன்று வருஷம் முந்தையது. ஆகவே காலமும் ஊரும் நமக்கு முற்றிலும் அந்நியமில்லை.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். விதி தெரியாவிட்டால் இந்தக் கதையில் ஒன்றும் விளங்காது.

மாசசூசெட்ஸின் அரசியல் சட்டம் 1780இல் வந்தது. அமெரிக்க நாட்டின் அரசியல் சட்டத்துக்கே அது மூத்தது. அதன்படி கவர்னர் பதவி ஒரே ஒரு வருஷம்தான். வருஷா வருஷம் தேர்தல். நம் ஊரில் கவர்னர் என்றால் டெல்லியிலிருந்து அனுப்பப்படுபவர். அங்கே அப்படியில்லை, மக்கள் நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் தேர்தலில் மற்ற எல்லோரையும்விட ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலே ஜெயிப்பு. அங்கே அன்றைக்கு அது போதாது. விழுந்த மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் வாங்கவேண்டும். வாங்காவிட்டால் விஷயம் சட்டமன்றத்துக்குப் போய்விடும். முன்னணியில் இருக்கும் நான்கு பேரிலிருந்து கீழவை இரண்டு பேரைப் பொறுக்கி அனுப்பும், அந்த இரண்டு பேரில் ஒருவரை மேலவை தேர்ந்தெடுக்கும். இது ஏட்டில் தூங்கிய விதி அல்ல. 1833இல் நாட்டின் முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸே கவர்னர் பதவிக்கு நின்றார். யாருக்கும் பாதி தேறவில்லை. ஆடம்ஸ் ஒதுங்கிக்கொள்ள, ஜான் டேவிஸ் என்பவரைச் சட்டமன்றம் கவர்னராக்கியது.

இப்போது ஆட்களுக்கு வருவோம்.

மார்கஸ் மார்டன் 1784இல் பிறந்தவர். டான்டன் என்ற சிறிய ஊரில் வக்கீல் தொழில் பார்த்தார். நான்கு வருஷம் நாடாளுமன்றத்தில் இருந்தார். 1825இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியானார். 1828 தொடங்கி ஜனநாயகக் கட்சி அவரை வருஷா வருஷம் கவர்னர் பதவிக்கு நிறுத்தியது. அவரும் வருஷா வருஷம் தோற்றார். நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே எப்படித் தேர்தலில் நிற்கலாம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அன்றைக்கு அங்கே அது நடந்தது, அவ்வளவுதான் என் பதில். ஜெயிக்கமாட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

எதிரே நின்றவர் எட்வர்ட் எவரெட். விக் கட்சி. (தலையில் வைத்துக்கொள்ளும் விக் அல்ல, அது அந்தக் காலத்து ஒரு பெரிய கட்சியின் பெயர். வியாபாரிகளும் ஆலை முதலாளிகளும் படித்தவர்களும் அதன் பக்கம். மாசசூசெட்ஸ் அதன் கோட்டை.) எவரெட் சின்ன வயதிலேயே பாஸ்டனில் பெரிய தேவாலயம் ஒன்றில் பிரசங்கியார். அப்புறம் ஜெர்மனியில் கோட்டிங்கன் போய் டாக்டர் பட்டம் வாங்கினார், அதை வாங்கிய முதல் அமெரிக்கர் அவர்தான். ஹார்வர்டில் கிரேக்க மொழிப் பேராசிரியர், பத்து வருஷம் நாடாளுமன்ற உறுப்பினர், 1836 தொடங்கி கவர்னர். அவர் ஆட்சியில்தான் 1837இல் மாநிலக் கல்வி வாரியம் ஏற்பட்டது. அதன் செயலாளராக வந்த ஹொரேஸ் மேன், அமெரிக்கப் பொதுப் பள்ளிகளின் தந்தை என்று இன்றைக்கும் பேசப்படுகிறவர். ஆக, எவரெட் ஏனோதானோ என்று ஆண்டவர் இல்லை. நல்ல நிர்வாகி. அந்தக் காலத்து அமெரிக்காவின் முதல் வரிசைப் பேச்சாளர்.

இப்பேர்ப்பட்டவர், தன் கட்சியின் கோட்டையில், தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் எப்படித் தோற்றார்? அதுவும் எந்தச் சமயத்தில்? 1837இல் அமெரிக்காவில் வங்கிகள் முடங்கி, வியாபாரம் படுத்து, அந்தப் பழி முழுக்க ஜனாதிபதி வான் பியூரன் தலையில் விழுந்திருந்தது. அவர் மார்டனுடைய கட்சி. அப்படிப் பார்த்தால் மார்டன் இன்னும் மோசமாகத் தோற்றிருக்க வேண்டிய காலம் அது.

காரணம் சாராயம்.

1838 ஏப்ரலில் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. எவரெட் கையெழுத்துப் போட்டார். ரம், பிராந்தி போன்ற சாராய வகைகளைப் பதினைந்து காலனுக்குக் குறைவாக யாருக்கும் விற்கக்கூடாது. வாங்குகிறவர் அந்தப் பதினைந்து காலனையும் ஒரே தடவையில் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். மருந்துக்கு என்றால் மட்டும் மருந்துக்கடைக்காரரும் வைத்தியரும் கொடுக்கலாம். பதினைந்து காலன் என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய 57 லிட்டர், எண்ணெய் டின்னில் அளந்தால் மூன்றரை டின் தேறும். கடையில் நின்று ஒரு கோப்பை வாங்கிக் குடிப்பதை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடு. மூன்றரை டின் சாராயத்தை ஒரே மூச்சில் விலை கொடுத்து வாங்க எந்தக் கூலிக்காரனால் முடியும்?

இந்தச் சட்டம் கேட்டவர்களை நான் கேலி செய்யமாட்டேன். குடியால் அங்கே குடும்பங்கள் சீரழிந்துகொண்டிருந்தன. அமெரிக்க மதுவிலக்குச் சங்கம் 1826இல் பாஸ்டனில்தான் பிறந்தது. ஊர் ஊராக, தேவாலயம் தேவாலயமாக மனுவில் கையெழுத்து வாங்கினார்கள். பெண்கள் இந்த இயக்கத்தில் முன்னால் நின்றார்கள். குடிகாரப் புருஷனிடம் அடிபட்டவர்கள் அவர்கள்தானே. ஆனால் ஓட்டு அவர்களுக்கு இல்லை. இருபத்தொரு வயது முடிந்த, வரி கட்டிய ஆண்களுக்கு மட்டும்தான் ஓட்டு. இந்தத் தேர்தல் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம், அந்த லட்சத்துச் சொச்சம் ஓட்டில் ஒன்றுகூடப் பெண்ணுடையது இல்லை என்பதை நான் மறப்பதில்லை. அவர்களும் ஓட்டுப் போட்டிருந்தால் இன்றைக்கு மார்டனைப் பற்றிப் பேச நமக்கு ஒன்றும் இருந்திருக்காது என்பது என் ஊகம்.

சட்டத்தின் நோக்கம் சரி, அளவுதான் தப்பு. பணக்காரன் பீப்பாயாக வாங்கி நிலவறையில் இறக்கிக்கொள்வான், சட்டம் அவனுக்கு வணக்கம் போடும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் ஒரு கோப்பை வாங்கினால் குற்றம். குடி கெட்டது என்றால் இருவருக்கும் கெட்டதுதானே? ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டது இந்த இடத்தை. ராபர்ட் ரான்டூல் என்று அந்தக் கட்சியில் ஒருவர். சாராயத்துக்குப் பரம எதிரி, மதுவிலக்குப் பிரசாரகர். அவரே இந்தச் சட்டத்தை எதிர்த்தார் என்றால் பாருங்கள்.

மக்கள் எதிர்த்த விதம் வேறு. 1838 இலையுதிர் காலத்தில் டெடம் என்ற ஊரில் ஊர்க்காவல் படையின் அணிவகுப்பு. திருவிழாக் கூட்டம். ஓர் ஆசாமி கூடாரம் போட்டு, 'இங்கே கோடு போட்ட பன்றியைக் காணலாம்' என்று விளம்பரம் வைத்தான். நுழைவுக்கு ஒரு சின்னக் காசு. உள்ளே நிஜமாகவே ஒரு பன்றி. அதன் முதுகில் வண்ணத்தில் கோடு இழுத்திருந்தான். பன்றியைப் பார்த்தவர்களுக்கு மரியாதைக்காக ஒரு கோப்பை ரம் இலவசம். விற்கவில்லையே, சும்மா கொடுத்ததுதானே! பன்றியை ஒரு தடவை பார்த்தவர்கள், சரியாகப் பார்க்கவில்லை என்று திரும்பத் திரும்ப வரிசையில் நின்று பார்த்தார்களாம். 'கோடு போட்ட பன்றி' என்பது அந்தச் சட்டத்தையே கேலி செய்யும் வழக்காகிவிட்டது. ஒரு சட்டத்தைப் பார்த்து ஊரே சிரித்துவிட்டால் அப்புறம் போலீஸால் அதைத் தூக்கி நிறுத்த முடியாது.

மதுவிலக்கோடு இன்னும் ஓரிரு விஷயங்களும் சேர்ந்துகொண்டன. அடிமை முறையை எதிர்த்தவர்களுக்கு எவரெட் மேல் வருத்தம் இருந்தது. 1836இல் பதவியேற்றபோது அந்த விவாதத்தை அடக்கி வாசிக்கும்படி அவர் அறிவுரை சொன்னதை அவர்கள் மறக்கவில்லை. இன்னொரு பக்கம், பாஸ்டன் சுங்க அலுவலகம் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தது. அதன் தலைவர் வரலாற்று ஆசிரியர் ஜார்ஜ் பான்கிராஃப்ட். வேலை கொடுத்து ஆள் சேர்ப்பது அங்கே நன்றாகவே நடந்தது. அப்படி வேலை வாங்கிய ஒருவர், அந்த 1839இல் கப்பலில் வரும் நிலக்கரியையும் உப்பையும் அளந்துகொண்டிருந்தார். அவர் பெயர் நதானியல் ஹாதார்ன். பின்னாளில் பெரிய நாவலாசிரியர். நம் கதைக்கு இது வேண்டாத தகவல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

தேர்தல் 1839 நவம்பர் 11, திங்கட்கிழமை. அன்றைக்கு இயந்திரமும் கிடையாது, அரசாங்கம் அச்சடித்துத் தரும் ஓட்டுச் சீட்டும் கிடையாது. கட்சிகளே தங்கள் வேட்பாளர் பெயரை அச்சடித்துச் சீட்டுக் கொடுக்கும். அதை வாங்கிக்கொண்டு போய்ப் பெட்டியில் போடவேண்டியது. முதலில் கையால் எழுதிய சீட்டுத்தான் செல்லும் என்று இருந்தது. அச்சடித்ததும் எழுதியதற்குச் சமம்தான் என்று 1830இல் தீர்ப்புச் சொன்னது மார்டன் உட்கார்ந்திருந்த அதே நீதிமன்றம். கட்சிச் சீட்டு பிடிக்காதவர்கள் மனதுக்குப் பிடித்த வேறு பெயரை எழுதிப் போடலாம். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

ஊர் ஊராக எண்ணி, கணக்கை மூடி முத்திரை வைத்து பாஸ்டனுக்கு அனுப்புவார்கள். தந்தி இல்லாத காலம். அதிகாரபூர்வக் கணக்கைப் பார்ப்பது ஜனவரியில் கூடும் சட்டமன்றம். அந்தச் சட்டமன்றம் விக் கட்சியின் கையில். கடைசியில் வந்த கணக்கு இது: மொத்தம் 1,02,066 ஓட்டு. மார்டனுக்கு 51,034. எவரெட்டுக்கு 50,725. உதிரிப் பெயர்களுக்கு 307.

பையில் பென்சில் வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எவரெட்டைவிட மார்டன் எத்தனை ஓட்டு அதிகம்? 309. ஒன்று இல்லை, முந்நூற்று ஒன்பது. அப்படியானால் ஒரே ஓட்டு என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? மொத்த ஓட்டில் பாதி 51,033. பாதிக்கு மேல் வேண்டும் என்றால் 51,034. மார்டன் வாங்கியது சரியாக அதே 51,034. அந்த ஒன்றைத்தான் உலகம் பேசிக்கொண்டிருக்கிறது. எதிராளியை அவர் ஜெயித்தது 309 ஓட்டில், விதியைத் தாண்டியது ஓர் ஓட்டில்.

பட்டியல் அனுப்புகிறவர்கள் இதோடு ஒரு நீதியும் சேர்த்துக்கொள்வார்கள். மார்டன் கட்சிக்காரன் ஒருவன் அன்றைக்குச் சோம்பல்பட்டு வீட்டில் இருந்திருந்தால் சரித்திரமே மாறியிருக்கும் என்று. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாறியிருக்காது! ஒருவன் வராவிட்டால் மார்டனுக்கு 51,033. ஆனால் மொத்தமும் ஒன்று குறைந்து 1,02,065 ஆகிவிடும். அதில் பாதி ஐம்பத்தோராயிரத்து முப்பத்திரண்டரை. மார்டன் அப்போதும் பாதிக்கு மேல்தான். ஒருவன் சோம்பல்பட்டால் போதாது, இரண்டு பேர் சேர்ந்து சோம்பல்பட வேண்டும். இல்லையென்றால் ஒருவன் மனம் மாறி எவரெட்டுக்குப் போட்டிருக்க வேண்டும். அப்போது சரிபாதி, தேறாது.

எனக்கு இன்னொரு கோணம் இதைவிட ருசியாக இருக்கிறது. அந்த 307 உதிரி ஓட்டுகள். யார் யார் பெயரையோ எழுதிப் போட்டவர்கள். இரண்டு கட்சியும் பிடிக்காதவர்கள், வேடிக்கைக்காரர்கள், கொள்கைக்காரர்கள். அவர்கள் ஒருவரும் வராமலிருந்தால் மார்டன் 309 ஓட்டில் சுகமாக ஜெயித்திருப்பார், இந்தத் தேர்தலை யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள். அந்த ஒரே ஓட்டுப் புகழ் முழுக்க அவர்கள் உபயம். அவர்களோடு இன்னும் இரண்டே பேர் வந்து தங்கள் பெரியப்பா பெயரை எழுதிப் போட்டிருந்தால் மார்டன் பாதியைத் தாண்டியிருக்க மாட்டார், விஷயம் விக் சட்டமன்றத்துக்குப் போயிருக்கும், எவரெட் மறுபடியும் கவர்னர். ஆக, ஜெயிக்கவே முடியாத பெயருக்குப் போட்ட ஓட்டுக்கும், ஜெயிக்கிற கட்சிக்குப் போட்ட ஓட்டுக்கும் ஒரே எடைதான் இருந்தது அந்த விதியில். ஓட்டின் எடையை எழுதுவது ஓட்டுப் போடுகிறவன் இல்லை, விதி எழுதுகிறவன்.

இனி நான் வியக்கும் இடத்துக்கு வருகிறேன். அது அந்த ஓர் ஓட்டு அல்ல.

கணக்கைச் சரிபார்த்தது யார் என்று சொன்னேன். எவரெட்டின் கட்சி. இரண்டே இரண்டு மார்டன் சீட்டை ஏதாவது குறை சொல்லித் தள்ளியிருந்தால் போதும். பெயரில் எழுத்துப் பிழை, ஊர்க் கணக்கில் ஒரு கையெழுத்துக் குறை என்று காரணம் கண்டுபிடிப்பதா கஷ்டம்? லட்சம் ஓட்டில் இரண்டு குறையாவது இல்லாமலா போகும்? போராடலாம் என்று கட்சிக்காரர்கள் எவரெட்டைத் தூண்டவும் செய்தார்கள். அவர் மறுத்துவிட்டார். மார்டன் ஜெயித்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். 1840 ஜனவரி 18 அன்று மார்டன் நீதிபதி பதவியை விட்டுவிட்டுக் கவர்னராகப் பதவியேற்றார். வழக்கில்லை, கலவரமில்லை.

அந்த நூற்றாண்டு அமெரிக்காவை அறிந்தவர்களுக்கு இது எத்தனை அபூர்வம் என்று தெரியும். பதினாறு வருஷம் கழித்து விஸ்கான்சினில் போலிக் கணக்கு வைத்து ஜெயித்ததாகச் சொல்லி ஒருவர் கவர்னராகப் பதவியேற்றார், தகராறை நீதிமன்றம்தான் தீர்க்கவேண்டி வந்தது. 1872இல் லூசியானாவில் இரண்டு பேர் தாங்கள்தான் கவர்னர் என்று பதவியேற்றார்கள். அந்தத் தகராறு மறு வருஷம் கோல்ஃபாக்ஸில் ஏராளமான கறுப்பின மக்களின் கொலையில் போய் முடிந்தது. 1900இல் கென்டக்கியில், முடிவு தகராறில் இருந்த வேட்பாளர் வில்லியம் கோபலைத் தலைமைச் செயலகத்துக்கு எதிரிலேயே சுட்டார்கள். சாகக் கிடந்தவருக்குக் கவர்னர் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார்கள். இவற்றோடு வைத்துப் பார்த்தால்தான் எவரெட்டின் அந்த ஒரு மறுப்புக்கு மதிப்புத் தெரியும்.

மார்டனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. சட்டமன்றம் எதிர்க்கட்சி, துணைக் கவர்னரும் எதிர்க்கட்சி. ஒன்றே ஒன்று நடந்தது: 1840 பிப்ரவரியில் பதினைந்து காலன் சட்டம் ரத்தாயிற்று. அந்த வருஷ நவம்பரிலேயே ஜான் டேவிஸிடம் அவர் தோற்றுப்போனார். அது விக் கட்சி நாடு முழுக்க ஜெயித்த வருஷம். எதைக் காட்டி ஜெயித்தார்கள் தெரியுமா? எங்கள் ஜனாதிபதி வேட்பாளர் மரக்குடிசையில் இருந்து ஆப்பிள் கள்ளுக் குடிக்கிற எளிய மனிதர் என்று சொல்லி, கூட்டத்துக்குக் கூட்டம் பீப்பாய் வைத்துப் பிரசாரம்! முந்தின வருஷம் ஒரு கோப்பை ரம்முக்குத் தடை போட்டுத் தோற்ற கட்சி. பாடம் கற்றுக்கொள்வதில் அவர்களுக்கு வேகம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது.

மார்டன் விடவில்லை. 1842இல் மறுபடி நின்றார். அடிமை முறையை எதிர்த்த லிபர்ட்டி கட்சி ஓட்டைப் பிரித்ததால் யாருக்கும் பாதி தேறவில்லை. விஷயம் சட்டமன்றத்துக்குப் போயிற்று. அங்கே மார்டன் ஜெயித்தது எத்தனை ஓட்டில்? ஒரே ஓட்டில். இந்தத் தடவை நிஜமாகவே ஒன்றுதான். ஆனால் பட்டியலில் இது வருவதில்லை.

எவரெட் இங்கிலாந்துக்குத் தூதராகப் போனார், ஹார்வர்டின் தலைவரானார், வெளியுறவு மந்திரியானார். 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் இரண்டு மணி நேரம் பேசினார். அவருக்கு அடுத்து எழுந்த லிங்கன் இரண்டு மூன்று நிமிஷம் பேசிவிட்டு உட்கார்ந்தார். உலகம் எந்தப் பேச்சை வைத்துக்கொண்டது என்று உங்களுக்குத் தெரியும். எவரெட்டைப் போல நீளமாகப் பேசி நானும் உங்களைச் சோதிக்கப்போவதில்லை. மார்டன் 1864இல் டான்டனில் காலமானார். பாதிக்கு மேல் வாங்கவேண்டும் என்ற விதியை மாசசூசெட்ஸ் 1855இலேயே எடுத்துவிட்டது. இன்றைக்கு அங்கேயும் நம்மைப் போலத்தான், அதிகம் வாங்கினவர் ஜெயித்தவர்.

அடுத்த தேர்தலுக்கு அந்தப் பட்டியல் உங்கள் கைபேசிக்கும் வரும். அழித்துவிட வேண்டாம். ஜெர்மன் மொழியையும் ஹிட்லரையும் அடித்துவிட்டு, மார்டன் பெயருக்குப் பக்கத்தில் 309 என்று எழுதி, அனுப்பினவருக்கே திருப்பி அனுப்புங்கள்.